லாக்கேஸ்: ஒரு நொதியமும் எங்கள் உடல்நலமும்



நொதியம் என்ற சொல் இன்று எங்கள் வீடுகளுக்குள் பல வழிகளில் வருகிறது. இரத்தப் பரிசோதனை முடிவில் 'ஈரல் நொதியம்' என்று இருக்கிறது. சலவைத்தூள் பெட்டியில் நொதியம் சேர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. மருந்துக்கடைத் தட்டில் நொதிய மாத்திரைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் நொதியத்தை எப்படி அளக்கிறார்கள், அந்த எண் எதைச் சொல்கிறது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. தெளிவில்லாத இடத்தில்தான் வீண் பயமும் வீண் செலவும் வருகின்றன.

இதை விளக்குவதற்கு இம்முறை லாக்கேஸ் என்ற நொதியத்தை எடுத்துக்கொள்கிறேன். இது எங்கள் உடலில் இல்லை. ஆனால் இதன் வேலையைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் விளங்கிக்கொள்வது சுலபம். அத்துடன் இதன் கதை எங்கள் தோல், இரத்தப் பரிசோதனைத் தாள், சுவாசப்பை ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பால் குடித்தால் வயிறு ஊதி, வயிற்றோட்டம் போகிறவர்கள் வாங்குவது லாக்டேஸ். அது பாலில் உள்ள வெல்லத்தை உடைக்கும் நொதியம். நாம் இங்கே பேசப்போவது லாக்கேஸ். எழுத்தில் சிறிய வேறுபாடுதான், வேலை முற்றிலும் வேறு.

நொதியம் என்றால் என்ன?

நொதியம் என்பது ஒரு வகைப் புரதம். மெதுவாக நடக்கவேண்டிய ஓர் இரசாயன மாற்றத்தை அது பல மடங்கு விரைவாக்கும். வேலை முடிந்ததும் தான் அழிந்துபோகாமல் அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்.

கத்தரிக்காயை வெட்டியவுடன் தண்ணீருக்குள் போடுகிறோமல்லவா? போடாவிட்டால் வெட்டிய இடம் கறுத்துவிடும். காயில் உள்ள பீனோல் வகைப் பொருட்களைக் காற்றில் உள்ள ஒட்சிசனோடு ஒரு நொதியம் சேர்த்துவிடுகிறது. மலையகத்துத் தேயிலைக் கொழுந்து ஆலையில் நசுக்கப்பட்டபின் நிறம் மாறுவதும் இதே போன்ற வேலைதான். லாக்கேஸ் இந்த நொதியங்களுக்கு வேலையால் உறவு. அதனிடம் நான்கு செப்பு அணுக்கள் உள்ளன. ஒரு பக்கத்தில் பீனோல் போன்ற நான்கு மூலக்கூறுகளிலிருந்து ஒவ்வோர் இலத்திரனை எடுக்கும். மறு பக்கத்தில் அந்த நான்கையும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறுக்குக் கொடுத்து, அதை வெறும் தண்ணீராக மாற்றும்.

எங்கள் இரத்தத்திலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரம் உண்டு. செருலோபிளாஸ்மின் என்ற செப்புப் புரதம் அது. உடலில் செப்புத் தேங்கி ஈரலையும் மூளையையும் தாக்கும் வில்சன் நோய் என்ற பரம்பரை வருத்தத்தைச் சந்தேகித்தால் வைத்தியர்கள் அதை அளப்பார்கள். அந்நோயாளிகள் பெரும்பாலானோரிடம் அது குறைவாக இருக்கும்.

மரத்தின் பாலில் கண்டுபிடித்தார்கள்

ஜப்பானியர் 'உருஷி' என்று அழைக்கும் ஒரு மரம் உண்டு. அதன் பாலை மரக் கிண்ணங்களிலும் தட்டுகளிலும் பூசினால் பளபளப்பான, தண்ணீர் ஊறாத மெருகாக இறுகும். இதில் ஒரு விந்தை. நாங்கள் பெயின்ற் பூசினால் வெயிலில் காயவைப்போம். உருஷிப் பூச்சையோ ஈரலிப்பான பெட்டிக்குள் வைப்பார்கள். காரணம், அந்தப் பூச்சு உலர்ந்து இறுகுவதில்லை. நொதியம் வேலை செய்வதால் இறுகுகிறது. நொதியத்துக்கு ஈரமும் ஒட்சிசனும் வேண்டும்.

1883 இல் யோஷிடா என்ற ஜப்பானிய இரசாயனவியலாளர் அந்தப் பாலைச் சூடாக்கினால் அது இறுகும் தன்மையை இழந்துவிடுவதைக் காட்டி, அதற்குள் நொதியம் போன்ற ஒரு பொருள் இருப்பதாக எழுதினார். 1890களில் பிரெஞ்சு நாட்டின் கேப்ரியேல் பெர்த்ராண்ட் அதற்கு லாக்கேஸ் என்று பெயர் வைத்தார். அதே நொதியம் காளான்களிலும் இருப்பது விரைவிலேயே தெரியவந்தது.

அந்த மரப்பாலில் லாக்கேஸ் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பெரும்பகுதி உருஷியோல் என்ற எண்ணெய்ப் பொருள். தோலை எரிப்பது அதுதான். அங்கேதான் இந்தக் கதை எங்களைத் தொடுகிறது.

தோல்: 'பொய்சன் ஐவி'யும் மாம்பாலும்

கனடாவில் கோடைகாலத்தில் பிள்ளைகள் முகாமுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் போவார்கள். அங்கே மூன்று மூன்று இலைகளாக வளரும் 'பொய்சன் ஐவி' என்ற செடியிலும் இதே உருஷியோல் இருக்கிறது. இலை நசிந்து வரும் பால் காற்றுப்பட்டதும் கறுக்கும். பட்ட இடத்தில் பெரும்பாலும் 12 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் கடி, சிவப்பு, கொப்புளம் வரும். முதற்தடவை படும்போது இன்னும் தாமதமாகலாம்.

மாமரமும் மரமுந்திரிகையும் (கஜு) இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாம்பால் பட்டு வாயைச் சுற்றிப் புண் வந்த அனுபவம் ஊரில் வளர்ந்த பலருக்கு இருக்கும். கறுத்தக்கொழும்பானைத் தோலோடு கடித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாங்காயின் தோலிலும் காம்புப் பாலிலும் உருஷியோலை ஒத்த பொருட்கள் உள்ளன. ஆகவே 'பொய்சன் ஐவி'யால் ஒருமுறை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, அடுத்த முறை மாம்பழத்தோல் பட்டாலும் தோல் பொங்கலாம்.

செய்யவேண்டியவை இவை:

பால் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு உடனே கழுவுங்கள். முதல் சில நிமிடங்களுக்குள் கழுவுவது மிக நல்லது. உடுப்பு, சப்பாத்து, நாயின் உரோமம், தோட்டக் கருவிகள் ஆகியவற்றையும் கழுவவேண்டும். அவற்றில் ஒட்டிய எண்ணெய் நெடுநாள் இருக்கும்.

கொப்புளத்து நீரால் இது பரவாது. மற்றவருக்குத் தொற்றவும் மாட்டாது.

அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்காதீர்கள். புகையோடு சேர்ந்து போனால் சுவாசப்பை கடுமையாகப் பாதிக்கப்படும்.

மாம்பழத்தை முதலில் கழுவி, தோல் சீவி, துண்டாக்கிப் பிள்ளைக்குக் கொடுங்கள். சதையில் இந்தப் பொருட்கள் மிகக் குறைவு.

முகம், கண் பக்கம், மறைவான இடங்கள் வீங்கினாலோ, உடம்பில் பெரும்பகுதி பொங்கினாலோ வைத்தியரிடம் வாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

எப்படி உற்பத்தி செய்கிறார்கள்?

மரப்பாலிலிருந்து தொழிலுக்குத் தேவையான அளவு எடுக்க முடியாது. இன்று லாக்கேஸ் பெரும்பாலும் பங்கசுகளிலிருந்து வருகிறது. பட்டுப்போன மரக்குற்றிகளில் விசிறி போலப் பல நிற வளையங்களோடு படர்ந்திருக்கும் காளானைப் பூங்காக்களில் கண்டிருப்பீர்கள். 'ட்ராமீட்டஸ்' என்ற அந்த இனம் மரத்தை உக்கச் செய்வதற்கு லாக்கேஸைத் தன்னைச் சுற்றி வெளியே சுரக்கிறது.

ஆய்வுகூடத்தில் இதைக் கோதுமைத் தவிடு, மரத்தூள், பழத்தோல் போன்ற மலிவான பொருட்களில் வளர்ப்பார்கள். அல்லது சத்துள்ள திரவத்தில் காற்றூட்டி வளர்ப்பார்கள். வளர் ஊடகத்தில் சிறிதளவு செப்புச் சல்பேற்று சேர்த்தால் சுரப்புப் பல மடங்கு கூடும். நொதியத்தின் மையத்தில் செப்பு இருப்பதால் பங்கசு அதற்காகக் காத்திருந்தது போல வேலை செய்யும். செப்பு அளவுக்கு மிஞ்சினால் பங்கசுக்கே நஞ்சு.

பெரிய தொழிற்சாலைகளில் இன்னொரு வழி உண்டு. லாக்கேஸை ஆக்கும் மரபணுவை எடுத்து, சோயா சோஸ் செய்யப் பயன்படும் 'அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே' என்ற பங்கசுக்குள் வைத்துப் பெருந்தொட்டிகளில் வளர்ப்பார்கள். பிறகு பங்கசை வடிகட்டி, மீதித் திரவத்தைச் செறிவாக்கித் திரவமாகவோ மணிகளாகவோ விற்பார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

இதுதான் இக்கட்டுரையின் முக்கியமான இடம். சீனியை நிறுத்து அறியலாம். நொதியத்தை அப்படி நிறுத்து அறிவதால் பெரிதாகப் பயனில்லை. ஒரு கிராம் தூளில் எவ்வளவு புரதம், அதில் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பது தராசுக்குத் தெரியாது. சூட்டில் கெட்டுப்போன நொதியத்துக்கும் நிறை இருக்கும், வேலை இராது. ஆகவே நொதியத்தை அதன் வேலை வேகத்தால் அளக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்குரோமோல் பொருளை மாற்றினால் அது ஓர் அலகு.

லாக்கேஸுக்கு வழக்கமாகப் பயன்படுவது ஏ.பி.ரி.எஸ். என்ற பொருள். ஏறக்குறைய நிறமற்ற அதன் கரைசல் லாக்கேஸ் பட்டதும் நீலப்பச்சையாக மாறும். அந்த நிறம் கூடும் வேகத்தை ஒளிமானியில் 420 நனோமீற்றர் அலைநீளத்தில் வாசிப்பார்கள்.

ஓர் உதாரணம். மொத்தம் ஒரு மில்லிலீற்றர் கரைசலில் 0.1 மில்லிலீற்றர் எங்கள் மாதிரி. நிமிடத்துக்கு ஒளிமானி வாசிப்பு 0.36 கூடுகிறது. அந்த நிறப்பொருளின் மாறிலி 36,000. பிரித்தால் ஒரு லீற்றருக்கு நிமிடத்துக்கு 10 மைக்குரோமோல். எங்கள் ஒரு மில்லிலீற்றரில் அது 0.01 மைக்குரோமோல், அதாவது 0.01 அலகு. அது 0.1 மில்லிலீற்றர் மாதிரியில் இருந்து வந்தது. ஆகவே ஒரு லீற்றர் மாதிரியில் 100 அலகுகள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 100 என்ற எண் தனியே நிற்காது. கரைசலின் அமிலத்தன்மையை மாற்றினால் எண் மாறும். வெப்பநிலையை மாற்றினால் மாறும். ஏ.பி.ரி.எஸ். இற்குப் பதிலாக வேறு பொருளைக் கொடுத்தாலும் மாறும். பெரொக்சிடேஸ் என்ற வேறொரு நொதியமும் ஐதரசன் பெரொட்சைட்டும் மாதிரியில் இருந்தால் அவையும் அதே நிறத்தைக் கொடுத்து ஏமாற்றும். ஆகவே நல்ல ஆய்வுகூடம் எண்ணோடு சேர்த்து நிபந்தனைகளையும் எழுதும். நொதியம் சேர்க்காத ஒரு குழாயையும் ஒப்பீட்டுக்கு வைக்கும்.

உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாள்

இப்போது உங்கள் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏ.எல்.ரி. என்ற ஈரல் நொதியத்துக்கு நேரே 'யூ/எல்' என்று இருக்கும். ஒரு லீற்றருக்கு இத்தனை அலகு என்பதே அதன் பொருள். லாக்கேஸுக்கு நாம் போட்ட அதே கணக்கு. ஏ.எல்.ரி. 80 என்றால், உங்கள் இரத்தத்தின் ஒரு லீற்றர் சீரத்தில் உள்ள அந்த நொதியம், அந்த ஆய்வுகூடத்தின் நிபந்தனையில், நிமிடத்துக்கு 80 மைக்குரோமோல் பொருளை மாற்றியது.

இதிலிருந்து சில விடயங்கள் தெளிவாகும்.

ஒன்று, இரு வேறு ஆய்வுகூடங்களின் எண்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த ஆய்வுகூடத்தின் எல்லையோடுதான் ஒப்பிடவேண்டும். கொழும்பில் எடுத்த தாளையும் ரொறன்ரோவில் எடுத்த தாளையும் அருகருகே வைத்து "பத்துக் கூடிவிட்டது" என்று பயப்படத் தேவையில்லை.

இரண்டு, ஏ.எல்.ரி. ஈரலின் திறமைக்குக் கொடுக்கும் புள்ளி அல்ல. கலங்கள் பாதிக்கப்படும்போது அவற்றுக்குள் இருந்து இரத்தத்துக்குக் கசிவது அது. ஈரலில் கொழுப்புப் படிந்தவர் சிலருக்கும், ஈரல் முற்றாகச் சுருங்கியவர் சிலருக்கும்கூட அந்த எண் சாதாரணமாக இருக்கலாம். நீரிழிவும் வயிற்றுப் பருமனும் எம்மவரிடையே அதிகம். ஆகவே எண் சாதாரணம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

மூன்று, கூடிய எண்ணைக் கண்டதும் கொலஸ்ரரோல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லையின் மூன்று மடங்குக்குக் கீழான சிறிய உயர்வை வைத்தியர்கள் பெரும்பாலும் திரும்பப் பரிசோதித்துக் கவனிப்பார்கள். மாத்திரையை நிறுத்தி மாரடைப்பு வந்தால் அந்த இழப்பே பெரிது.

நான்கு, 'ஈரலைச் சுத்தமாக்கும்' மூலிகைக் குளிசைகளை நம்பி வாங்காதீர்கள். செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளார்கள். கறிக்குப் போடும் மஞ்சள் வேறு, அந்தக் குளிசை வேறு.

நொதிய மாத்திரை வாங்குவோருக்கும் ஒரு சொல். நொதியம் புரதம் என்பதால் வாயால் எடுத்தால் அதில் பெரும்பகுதி சாப்பாடு போலச் சமித்துவிடும். "உடம்பு முழுக்க நன்மை" என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை. லாக்டேஸ் மாத்திரை வேறு விதம். அதன் வேலை குடலுக்குள்ளேயே முடிகிறது. அதைப் பாலின் முதல் மிடறோடு எடுக்கவேண்டும். அதன் பெட்டியிலும் மில்லிகிராம் அல்ல, 3000 அல்லது 9000 என்று அலகுதான் எழுதியிருக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எங்கே பயன்படுகிறது?

உங்கள் பிள்ளைகள் அணியும் வெளிறிய ஜீன்ஸை எடுத்துக்கொள்வோம். 1996 இல் டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் டெனிம் துணியை வெளிறச் செய்ய ஒரு லாக்கேஸ் தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு துணைப்பொருளின் உதவியோடு லாக்கேஸ் இண்டிகோ நீலத்தை உடைக்கும். துணி பெரிதாகப் பாதிக்கப்படாது.

இது வெறும் நாகரிக விடயம் அல்ல. ஜீன்ஸைத் தேய்ந்தது போலக் காட்டுவதற்கு மணலை அழுத்தக் காற்றோடு வீசும் முறை ஒன்று இருந்தது. துருக்கியில் அந்த வேலை செய்த இளைஞர்கள் பலருக்குச் சிலிக்கோசிஸ் என்ற சுவாசப்பை நோய் வந்ததை 2000களின் நடுப்பகுதியில் அந்நாட்டு வைத்தியர்கள் வெளிப்படுத்தினார்கள். சுரங்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு வரும் நோய் அது. அதைக் குணமாக்க மருந்து இல்லை. 2009 இல் துருக்கி அந்த முறையைத் தடைசெய்தது. மணலுக்கும் கடும் இரசாயனங்களுக்கும் பதிலாக நொதியத்தைப் பயன்படுத்துவதன் அருமை இங்கேதான் விளங்கும்.

இதைவிடப் பழரசத்திலும் பியரிலும் கலங்கலைக் குறைக்கவும், பாண் மாவின் தன்மையைத் திருத்தவும், சாய ஆலைக் கழிவுநீரின் நிறத்தை அகற்றவும், நீரில் உள்ள பீனோல் நஞ்சைக் கண்டறியும் உணரிகளிலும் லாக்கேஸைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது பயன்படுத்த ஆராய்கிறார்கள்.

சுவாசப்பை: வேலைத்தலத்தில் கவனம்

ஆனால் எந்த நொதியமும் தூளாகப் பறந்து மூச்சுக்குள் போனால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். 1969 இல் பிரித்தானியாவில் நொதியம் கலந்த சலவைத்தூள் ஆலைத் தொழிலாளரிடம் தொய்வு (ஆஸ்துமா) ஏற்பட்டது மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அதன்பின்தான் நொதியத்தை மெழுகு போன்ற உறையிட்ட மணிகளாக்கும் வழக்கம் வந்தது. பேக்கரி மாவில் சேர்க்கும் அமிலேஸ் நொதியமும் கோதுமை மாவும் பேக்கரித் தொழிலாளருக்கு இதே வருத்தத்தைக் கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் லாக்கேஸையும் மூச்சு ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

எங்களில் பலர் அகதிகளாக வந்து இறங்கியதும் முதலில் செய்த வேலைகள் பேக்கரி, சலவை, துப்புரவு, தொழிற்சாலை வேலைகள்தான். இன்றும் புதிதாக வருபவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். இருமலை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மூன்று நான்கு வருடம் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்கள்தான் திரும்பக் கிடைக்காதவை. தொடக்கத்தில் கண்டுபிடித்து அந்தத் தூளிலிருந்து விலகினால் பலருக்குத் தொய்வு குறையும், சிலருக்கு முற்றாகவே மாறும். நெடுங்காலம் விட்டால் வேலையை விட்டபின்னும் தொய்வு நிலைத்துவிடும்.

அறிகுறிகள் இவை. முதலில் மூக்கு ஓடும், தும்மல் வரும், கண் கடிக்கும். பிறகு இருமல், நெஞ்சு இறுக்கம், இளைப்பு. வேலை நாட்களில் அல்லது வேலை முடிந்த இரவுகளில் கூடும். விடுமுறையில், ஊருக்குப் போய் நிற்கும்போது குறையும். இந்த ஒழுங்கைக் கவனித்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். மூச்சு ஊதி அளக்கும் சிறிய கருவியால் வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலும் அளந்து பார்ப்பது வைத்தியருக்குப் பெரிய உதவி. என்ன தூளோடு வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொதியின் பெயரோடு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குவது கனடாவில் தொழிலாளரின் உரிமை. ஆங்கிலம் போதவில்லை என்றால் பிள்ளையையோ நண்பரையோ அழைத்து வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைத்தலத்தில் தூளை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைப்பது அல்லது வடிகட்டியுள்ள வெற்றிடத் துப்புரவுக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது. சாதாரணத் துணி முகமூடி நுண்தூளைத் தடுக்காது.

நொதியங்கள் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல. அவை வேலையாட்கள். எந்த வேலையை, எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் செய்கின்றன என்பதைக் கேட்டுத்தான் அவற்றை மதிக்கவேண்டும். பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைக் கண்டாலும், மாத்திரைப் பெட்டியில் ஒரு வாக்குறுதியைக் கண்டாலும் அதே கேள்விகளை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வேலைக்குப் போனால் வரும் இருமலை மட்டும் அடுத்த மாதத்துக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.